மல்லிக்குக் கவாத்து

கார்த்திகை 9, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் தோட்டத்தின் தினக்குறிப்பு எழுதப்படும். ஆயுதப்படையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். அதில் இருபத்தாறு வருஷம் காவலர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுக்கும் கவாத்து போதகர். எழுத்தில் இல்லாத எதையும் நடந்ததாக ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

காலை ஏழு மணிக்கு என் மனைவி செண்பகவல்லி கோயம்புத்தூருக்குப் புறப்பட்டுப் போனாள். மகள் கோமதிக்கு ஏழாம் மாதம். கூடமாட இருக்க ஆள் வேண்டும். சண்டை எதுவும் இல்லை. அதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். விசில் விஷயம் இந்த நோட்டுக்குச் சம்பந்தமில்லாதது.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் பேசினாள்.

“மல்லி பூத்தா சொல்லுங்க. அப்ப வாரேன்.”

“பூக்கலைன்னா?”

“பூக்கலைன்னா எதுக்கு வரணும்?”

ஆட்டோ போய்விட்டது. விளையாட்டாகச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் விளையாட்டாகப் பேசி நான் பார்த்ததில்லை.

தோட்டத்தின் பலம்: தரையில் நிற்பவை ஐந்து (முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி இரண்டு). தொட்டிகள் முப்பத்தாறு. மொத்தம் நாற்பத்தொன்று. அனைவரும் ஆஜர்.

கார்த்திகை 10, திங்கள்

மழை. அனைவரும் ஆஜர். தோசை சுட்டேன். வட்டமாக வரவில்லை, சதுரமாகவும் வரவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நாட்காட்டித் தாளின் பின்பக்கம். ‘கார்த்திகை: தொட்டியில் மழைத்தண்ணி நிக்கப்படாது, சாய்ச்சு விடணும். கார்த்திகை கடைசி: மல்லி, ரோஜா, செம்பருத்தி எல்லாத்துக்கும் கவாத்து. தை: எரு. மாசி: மொட்டு வரும், தண்ணி குறையப்படாது. பங்குனி: வெயில். மூட்டுல சருகு போடணும்.’ என் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் ஒரு வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. கவாத்து! இந்த வார்த்தையை வைத்து என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறாள்! ‘வீட்டுக்குள்ளயும் கவாத்தா?’ என்று கேட்காத நாள் உண்டா? அவளே இப்போது செடிகளுக்குக் கவாத்து வேண்டும் என்று கைப்பட எழுதியிருக்கிறாள். என் உத்தியோகத்தின் அருமை முப்பத்திரண்டு வருஷம் கழித்தாவது அவளுக்குப் புரிந்ததே என்று மனசு நிறைந்துபோனது.

கார்த்திகை 13, வியாழன்

விடாத மழை. தொட்டிகளில் தண்ணீர் குளமாக நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டேன். கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு செருப்பும் ஒரு கிலோ கனம். கனகாம்பரம் ஒன்று மருத்துவ விடுப்பு.

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுப்பவர். செண்பகவல்லிக்கு நெருங்கின கூட்டாளி.

“அண்ணாச்சி, அக்கா ஊருக்குப் போயாச்சாமே? தலைப்பிரசவத்துக்கு மகதான இங்கன வருவா. அக்கா எதுக்கு அங்க போனாங்க?”

“அங்க நல்ல டாக்டர் இருக்காங்க.”

“கோயில்பட்டியில டாக்டரே இல்லையா?”

“மழை பெய்யுது டீச்சர், உள்ள போங்க.”

மழைக்காலத்தில் சிலருக்குக் கேள்வி அதிகமாக வரும்.

கார்த்திகை 23, ஞாயிறு

மழை ஓய்ந்தது. கவாத்துக்கு ஆயத்தம். முற்றத்தைச் சமன் செய்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு மூன்று போட்டேன். வரிசைக்குப் பன்னிரண்டு தொட்டி. தரையில் நிற்கும் ஐந்து பேருக்கும் விதிவிலக்கு.

கார்த்திகை 28, வெள்ளி

மூன்று நாள் கடும் வேலை. உயர வரிசைப்படி நிறுத்தம். முன்வரிசையில் குட்டையானவை, பின்வரிசையில் நெட்டையானவை. நிழலில் பதுங்கிக் கிடந்த குரோட்டன்ஸ், வெற்றிலைக்கொடி எல்லாவற்றையும் வெயிலுக்குக் கொண்டுவந்தேன். ஒளிந்து நிற்பவனை முன்வரிசைக்குக் கொண்டுவருவதுதான் போதகரின் முதல் கடமை.

மல்லித் தொட்டிதான் பெரும்பாடு. சிமெண்ட் தொட்டி, பதினொரு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோட்டிலிருந்து ஒன்றரை அடி விலகி நின்றது. ஒரு ஆள் விலகி நின்றாலும் அணிவகுப்பு அணிவகுப்பு அல்ல. கடப்பாரை போட்டு நெம்பினேன். அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் லேசாக வந்துவிட்டது. சத்தத்தைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

மாலையில் ஒவ்வொரு தொட்டியையும் கால் வட்டம் வலப்பக்கம் திருப்பினேன். முப்பத்தாறும் ஒரே முகமாக நின்றபோது நெஞ்சு விம்மியது.

கார்த்திகை 30, ஞாயிறு

செண்பகவல்லி போன் செய்தாள். இருபத்தொரு நாளில் இது மூன்றாவது. பேசியதை அப்படியே பதிவு செய்கிறேன்.

“கவாத்து பண்ணியாச்சா?”

“வெள்ளிக்கிழமையே முடிஞ்சிட்டு.”

அசந்துபோய்விட்டாள்.

“நீங்களாவா பண்ணுனீங்க? எவ்வளவு விட்டீங்க?”

“ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு அடி.”

“ஒரு அடியா? சரி, மல்லிக்கு அது போதும். காயம்பட்ட எடத்துல மஞ்சள் வச்சீங்களா?”

“காயம் ஒண்ணும் படல. பூட்ஸ் போட்டுத்தான் நின்னேன்.”

“பூட்ஸா? இலையெல்லாம் உருவிட்டீங்களா?”

“இலையை எதுக்கு உருவணும்?”

“கவாத்துன்னா இலையை உருவணும்லா?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். என் அனுபவத்தில் பட்டையை உருவுவது உண்டு. அது தண்டனை, பதவி இறக்கம். தவறே செய்யாத செடிக்கு எதற்கு?

மார்கழி 3, புதன்

குரோட்டன்ஸ் இலைகள் கருகிவிட்டன. வெற்றிலைக்கொடி துவண்டு கிடக்கிறது. மல்லி இலையெல்லாம் வாடித் தொங்குகிறது. ஆஜர் எடுத்தேன். ஆஜர் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

எஸ்தர் டீச்சர் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது என்னது?”

“கவாத்து.”

“என்னது?”

“கவாத்து டீச்சர். அவளே எழுதி வச்சிட்டுப் போயிருக்கா.” உள்ளே போய்த் தாளை எடுத்துவந்து காட்டினேன்.

தாளைப் படித்தார். மூன்று வரிசையையும் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். அப்புறம் சுவருக்குக் கீழே மறைந்துவிட்டார். விழுந்துவிட்டாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

தமிழ் ஆசிரியர் என்பதால் விளக்கம் விரிவாகவே வந்தது. செடிகளின் கிளையை வெட்டிச் சீராக்குவதற்கும் தமிழில் கவாத்து என்றுதான் பெயராம். எல்லாத் தோட்டக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். “ரெண்டும் ஒரே வார்த்தைதான் அண்ணாச்சி. ஒண்ணு போலீசுக்கு, இன்னொண்ணு பூச்செடிக்கு.”

அப்புறம் மல்லித் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பதினொரு வருஷத்தில் அதன் வேர் தொட்டியின் ஓட்டை வழியாகத் தரைக்குள் போயிருக்கும் என்றும், நான் நெம்பியதில் அறுந்திருக்கும் என்றும் சொன்னார்.

“பொழைக்குமா?”

“வெட்டிவிட்டுப் பாருங்க. வேர் கொறஞ்சா தலையும் கொறையணும். பூக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல அண்ணாச்சி.”

டக் என்று கேட்டது வேர். இப்போது பதிவு செய்கிறேன்.

மார்கழி 6, சனி

கத்தரி வாங்கிவந்து இரண்டு நாளாகிறது. இரண்டு நாளும் மல்லிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆயிரக்கணக்கான பயிற்சிக் காவலர்களுக்கு ஒட்ட முடிவெட்டச் சொல்லி உத்தரவிட்டவன் நான். அப்போது ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. அவர்களில் யாரும் பூத்துக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கவில்லை.

கடைசியில் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல வெட்டினேன். காய்ந்த வாது, அதாவது கிளை, முதலில். அடுத்து ஒன்றோடொன்று உரசும் வாது. மிச்சத்தை ஒரு அடி உயரத்துக்கு. கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, தண்ணீர் தங்காதபடி. பிறகு இருந்த இலையை உருவினேன். வெட்டுவாயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன். தொட்டியை நிழலுக்கு இழுக்காமல், இருவரும் பேசி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டோம். இனி அதை யாரும் நகர்த்தக்கூடாது.

கை பழகிவிட்டது. ரோஜா முடிந்தது, செம்பருத்தி முடிந்தது, எலுமிச்சையில் பட்ட கிளை முடிந்தது. “கறிவேப்பிலையை விட்டுருங்க அண்ணாச்சி, ரசத்துக்கு வேணும்” என்று டீச்சர் கத்தியபோதுதான் நின்றேன்.

மல்லி இப்போது ஏழு குச்சி. மஞ்சள் பூசிய ஏழு குச்சி.

மார்கழி 7, ஞாயிறு

செண்பகவல்லி கேட்டாள். மல்லி நன்றாக இருக்கிறது என்றேன். அது முழுப் பொய் அல்ல. குச்சி என்ற அளவில் நன்றாகவே இருக்கிறது.

குரோட்டன்ஸையும் வெற்றிலையையும் பழைய நிழலுக்கே திருப்பி அனுப்பினேன். மல்லியைத் தவிர ஒரு தொட்டியையும் கோட்டில் வைக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டை விளக்குமாறால் தேய்த்து அழித்தேன். முற்றம் வெறிச்சென்று ஆகிவிட்டது. வீடும் அப்படித்தான். காலையில் தேநீருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே போட்டுக் குடித்தேன். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்கழி 14, ஞாயிறு

ஏழு குச்சி.

மார்கழி 21, ஞாயிறு

ஏழு குச்சி. ரோஜாவில் சிவப்பாகத் துளிர். செம்பருத்தியில் பச்சையாகத் துளிர், கூடவே மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்து அடித்தேன். காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் பாதி என்மேல் விழுந்தது. இந்த வாரம் என்னிடம் எந்தப் பூச்சியும் வராது.

மல்லிக் குச்சி ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார் டீச்சர். பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறதாம். நான் சுரண்டவில்லை. பச்சையாக இல்லாவிட்டால் என்ன செய்வது?

தை 1, செவ்வாய்

காலையில் தனியாகப் பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்தது. அந்த எரிச்சலோடு பின்பக்கம் போனால், மூன்றாவது குச்சியில், கணுவுக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்குப் பச்சை.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கையெல்லாம் மாவோடு ஓடிவந்து சுவர் மேல் ஏறிப் பார்த்து, “துளிர்தான் அண்ணாச்சி!” என்றார். அறுபத்திரண்டு வயதில் முற்றத்தில் நின்று அழுதேன். புகை என்று டீச்சரிடம் சொன்னேன்.

தை 12, சனி

ஏழில் ஐந்து குச்சி துளிர்த்துவிட்டது. இரண்டு துளிர்க்கவில்லை. அவற்றை அடியோடு எடுத்துவிட்டேன். மக்கிய சாணி எருவைத் தொட்டியின் ஓரமாகக் கொத்திப் போட்டேன். தண்டை ஒட்டிப் போடக்கூடாது, வெந்துவிடும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை ஊற்றினேன். அந்த வாடைக்கு டீச்சர் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் கோமதி பேசினாள். ரொம்பப் பிரியமாகப் பேசினாள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

“அப்பா, இவங்க பெரிய வீடா பாக்காங்க. அம்மாவுக்குன்னு ஒரு ரூம். அம்மா இங்கேயே இருக்கட்டுமேப்பா. பிள்ளையையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஒரு கட்டில் போட்டுருவோம்.”

“அம்மா என்ன சொல்லுதா?”

“மல்லி பூக்குதான்னு பாப்போம்னு சொல்லுதா. என்னப்பா அது? எனக்கு ஒண்ணும் புரியல.”

எனக்குப் புரிந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை அவள்.

தை 25, வெள்ளி

மொட்டு இல்லை. இலை மட்டும்.

மாசி 3, சனி

மொட்டு இல்லை. கோமதிக்கு இன்னும் மூன்று வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். பெரிய வீடு கிடைத்துவிட்டதாம். பால்கனியும் உண்டாம்.

மாசி 4, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். சந்தைக்குப் போய் மல்லிகை அரும்பு வாங்கிவந்தேன். மெல்லிய பச்சை நூலால் கிளைகளில் இருபத்து நான்கு அரும்பைக் கட்டினேன். இலைக்கு நடுவே இயல்பாகத் தெரியும்படி அங்கங்கே ஒன்று இரண்டாக விட்டேன். சாயங்காலம் விரிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘பூத்துவிட்டது’ என்று கீழே ஒரு வரி. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் பொய்ச் சாட்சி தயாரித்ததாக என்மேல் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது.

அவள் கைபேசியில் பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை.

மாசி 5, திங்கள்

காலையில் செண்பகவல்லி போன் செய்தாள்.

“ஏங்க, நம்ம வீட்டுது என்ன மல்லி?”

“குண்டுமல்லி.”

“அடுக்குமல்லி. ஒரு பூவுக்குள்ள இன்னொரு பூ இருக்கமாதிரி இதழ் அடுக்கடுக்கா இருக்கும். நீங்க நூல்ல கட்டியிருக்கது ஒத்தை.”

ஜன்னல் வழியாக நூல் கட்டிய பூவை எட்டிப் பார்த்தேன்.

“பதினோரு வருஷமா அந்தப் பூவைத்தான் தலையில வைக்கேன். ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?”

வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

மாசி 6, செவ்வாய்

மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மாசி 7, புதன்

எடுக்கவில்லை. நூலையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

மாசி 9, வெள்ளி

எடுக்கவில்லை. டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “போன்ல பேசத் தெரியலைன்னா எழுதுங்க அண்ணாச்சி” என்றார். அவருக்கு யார் சொன்னது? கேட்டேன். “அக்காதான். வாரவாரம் போட்டோ அனுப்புதேன்லா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தொடக்கத்திலிருந்தே என் தோட்டத்து நிலவரம் வாரம் ஒருமுறை போட்டோவோடு கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. மூன்று வரிசை அணிவகுப்பும் போயிருக்கும். நான் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் பொய் என்று தெரிந்துகொண்டே அவள் கேட்டிருக்கிறாள். ‘சரி, சரி’ என்று சொன்னாளே தவிர ஒரு முறைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாசி 11, ஞாயிறு

எழுதினேன். கடிதம் எழுதத் தெரியவில்லை. ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து நாலு தாளைக் கிழித்தேன். குற்றம் சாட்டப்பட்ட காவலர் கொடுக்கும் விளக்கம்தான் எனக்குத் தெரிந்த வடிவம். அதிலேயே எழுதினேன். நகல்:

பெறுநர்: திருமதி செண்பகவல்லி அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: விசில் ஊதியது மற்றும் பொய்ப் பூ கட்டியது – விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் கார்த்திகை 7 அன்று காலை அடுப்படியில் வாய்மொழியாகக் கேட்டது.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த இரண்டு வருஷமாகக் காலைத் தேநீருக்கு ஒரு முறை, வெந்நீருக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு இரண்டு முறை என்ற கணக்கில் விசில் ஊதித் தங்களை அழைத்தது உண்மை. கூப்பிட்டால் தங்களுக்குக் காது கேட்பதில்லை என்று நான் அப்போது சொன்ன காரணம் ஏற்கத்தக்கதல்ல. தங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மேற்படி நாளில் ‘நான் ஒங்ககிட்ட ட்ரெயினிங்குக்கு வந்தவளா?’ என்று தாங்கள் கேட்டபோது, பதில் சொல்லாமல் இரண்டாவது முறையும் ஊதியது உண்மை. ஏன் அப்படிச் செய்தேன் என்பது எனக்கே இதுவரை விளங்கவில்லை. பதில் தெரியாததால் இருக்கலாம்.

மல்லித் தொட்டியைக் கடப்பாரையால் நெம்பி வேரை அறுத்தது, அதை மறைத்தது, சந்தைப் பூவைக் கட்டியது மூன்றும் உண்மை. தாங்கள் வரமாட்டீர்கள் என்ற பயத்தில் செய்தது.

தலையில் இருந்த பூவைப் பார்க்காதது பற்றி: முப்பத்திரண்டு வருஷமும் தங்களைப் பின்னால் வரச்சொல்லி நான் முன்னால் நடந்ததால், பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. இது என் தவறு.

எந்தத் தண்டனை அளித்தாலும் பணிந்து ஏற்றுக்கொள்கிறேன். பணிநீக்கம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாசி 12, திங்கள்

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். மல்லிக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தண்ணீர்.

மாசி 19, திங்கள்

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அவள் கையெழுத்து. வேறு ஒன்றும் எழுதவில்லை. அதில் எழுத இடமும் இல்லை. ஆனால் வழக்கமாகக் கிறுக்கி வைப்பவள், செண்பகவல்லி என்று முழுசாக, நிதானமாகப் போட்டிருக்கிறாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று டீச்சரிடம் கேட்டேன். “தபால்காரர் முழுசா போடச் சொல்லியிருப்பாரு அண்ணாச்சி” என்றார். தமிழாசிரியர்களுக்கு நுட்பம் போதாது.

மாசி 22, வியாழன்

பேத்தி பிறந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். தாயும் பிள்ளையும் நலம். டீச்சரிடம் தோட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மருத்துவமனையில் செண்பகவல்லி பிள்ளையை என் கையில் வைத்தாள். விறைப்பாக நின்றேன். கையை மடக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. “மூச்சு விடுங்க” என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேரில் சொன்ன முதல் வார்த்தை.

இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. கோமதிக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டே பிள்ளைத் துணியை மடித்தாள். விளக்கத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புறப்படும்போது, “மல்லிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவள் நின்ற பக்கமாகச் சுற்றிவந்து பின்னால் பார்த்தேன். கொண்டையில் பூ இல்லை.

பங்குனி 2, ஞாயிறு

மொட்டு! கடுகு அளவு. பதினாறு. நூல் இல்லாத மொட்டு.

வெயில் ஏறிவிட்டது. தொட்டிகளின் மண்மேல் சருகு பரப்பினேன். மல்லிக்கு இரண்டு மடங்கு.

பங்குனி 8, சனி

இன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பூத்தது. மூன்று பூ. ஒன்றைத் தொட்டு விரித்துப் பார்த்தேன். ஒரு வரிசை இதழ், அதற்குள் இன்னொரு வரிசை, அதற்குள் இன்னொன்று. இவ்வளவு காலமும் இது என் வீட்டில், எனக்குப் பின்னால், நடந்து வந்திருக்கிறது.

கைபேசியை எடுத்தேன். போட்டோ எடுத்தேன். அனுப்பவில்லை.

அனுப்பினால் வருவாள். சொன்ன சொல் தவறமாட்டாள். பிள்ளைக்கு இன்னும் இருபது நாள்கூட ஆகவில்லை. கோமதிக்குத் தனியாகப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது. செண்பகவல்லியை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு பூவைக் காட்டினால் போதும் என்றால், அதற்கும் நான் முன்பு விசில் ஊதிக் கூப்பிட்டதற்கும் என்ன வித்தியாசம்?

பூக்கவில்லை என்றே இருக்கட்டும். அவளுக்கு எப்போது வர வேண்டுமோ அப்போது வரட்டும். வர வேண்டாம் என்றால், அதுவும் அவள் இஷ்டம். இதை எழுதுவது சுலபமாக இல்லை.

பங்குனி 9, ஞாயிறு

மதியம் அவளே கூப்பிட்டாள்.

“தோட்டம் எப்பிடி இருக்கு?”

“இருக்கு.”

“மல்லி?”

“இலை நல்லா வந்திருக்கு.”

“பூ?”

“இன்னும் இல்ல.”

“டீச்சர் காலையிலயே போட்டோ அனுப்பிட்டாங்க. அடுக்குதான். நூலும் இல்ல. பூக்காதப்ப பூத்துட்டுன்னு சொன்னீங்க. பூத்திருக்கப்ப இல்லைங்கீங்க. ஒங்களுக்கு என்னதான் ஆச்சு?”

“பூத்துட்டுன்னு சொன்னா நீ வரணும்லா. பிள்ளை பச்சப்பிள்ளையா கெடக்கு. நீ அங்க இருக்கணும்னு நெனச்சா இரு. அதான் சொல்லல.”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னேன். அறுந்துவிடவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “ஆமா, சளிதான்” என்றாள்.

அப்புறம் சொன்னாள்: “முப்பது கழியட்டும். கோமதியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன். தலைப்பிள்ளை தாய்வீட்டுக்கு வரணும்லா. ஒங்க விளக்கத்தை இங்க எல்லாரும் படிச்சாச்சு. மாப்பிள்ளை ரெண்டு தடவை படிச்சாரு.”

பரவாயில்லை. படிக்கட்டும்.

பங்குனி 22, சனி

வீட்டைக் கழுவினேன். தொட்டில் கட்டக் கொக்கி மாட்டினேன். எட்டு மணிக்கே தண்ணீர் பாய்ச்சி முடித்தேன். இன்று மட்டும் முப்பதுக்கு மேல் பூ. ஒன்றையும் பறிக்கவில்லை. பறிக்கிறவள் நாளை வருகிறாள்.

பங்குனி 23, ஞாயிறு

பத்தரைக்குக் கார் வந்தது. கோமதி பிள்ளையோடு உள்ளே போனாள். செண்பகவல்லி கையில் பையை வைத்துக்கொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல், நேராகப் பின்பக்கம் போனாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

மல்லிக்கு முன்னால் நின்றாள். இலையைப் புரட்டிப் பார்த்தாள். வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தாள். குனிந்து மண்ணைக் கிள்ளி ஈரம் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஐ.ஜி. ஆய்வுக்கு நின்றிருக்கிறேன். இப்படி வேர்த்ததில்லை.

“நடுவுல இந்த வாதை விட்டிருக்கப்படாது” என்றாள். “உள்ள காத்து போகாது. அடுத்த கார்த்திகையில நான் காட்டித்தாரேன், சேர்ந்து வெட்டுவோம்.”

“எப்ப?”

“அடுத்த கார்த்திகையில.”

“சரியா கேக்கல.”

“அடுத்த கார்த்திகையிலன்னு சொல்லுதேன்! காது கேக்கலையா ஒங்களுக்கு?”

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்றுதான் கேட்டேன்.